பதினோராவது பல்

எட்மண்டுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்ப் பத்து வருடம் ஆகிறது. தம்பின் சாலையில் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி அவருடைய மோட்டார் சைக்கிளை இடித்துத் தள்ளியது. அதற்கு ஏழு வாரம் முன்புதான் அவர் தன் பழைய கொரோலாவை நானூற்று இரண்டு மீட்டர் நேர்த்தடத்தில் 11.38 விநாடியில் ஓட்டி முடித்திருந்தார். கோலா பிலா வட்டாரத்தில் அந்த மாதிரிக் காரில் அவ்வளவு வேகம் போனவர் யாரும் இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தம்பி விக்டர் அந்த எண்ணைத் தங்கள் கார்ப் பட்டறைத் தகரச் சுவரில் சிவப்புச் சாயத்தால் பெரிதாக எழுதி வைத்தான். திரும்பி வந்து பார்த்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தான்.

எட்மண்ட் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதனால் விக்டர்தான் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தான். தினமும் காலையில் அண்ணனைத் தூக்கிப் போய்க் குளிப்பாட்டி, சிறுநீர்ப் பையை மாற்றி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் செம்பனை எண்ணெய் ஆலைக்கு வேலைக்குப் போவான். அவன் மனைவி எலெய்ன் சுங்கை காடுட்டில் பேரிங் செய்யும் ஃபேக்டரியில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தாள்.

காரை எட்மண்ட் தம்பிக்கே கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. "வண்டிய நீ ஓட்டுடா. இஞ்சினையும் நீயே பாத்துக்க. டிஃப்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அது என் வேலை."

டிஃப் என்பது பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் உருண்டைப் பெட்டி. அதற்குள்ளே பெரிய பல்சக்கரம் ஒன்றும், அதைச் சுற்ற வைக்கும் சின்னப் பினியனும் இருக்கும். கொரோலாவின் பெரிய சக்கரத்துக்கு நாற்பத்து மூன்று பல். பினியனுக்குப் பத்துப் பல் என்றால் கணக்கு நாலு புள்ளி மூன்று. கார் வெடுக்கென்று கிளம்பும், ஆனால் முடிவுக் கோட்டைத் தொடும் முன்பே இஞ்சினுக்கு மூச்சு முட்டிவிடும். பதினொரு பல் என்றால் மூன்று புள்ளி ஒன்பது. கிளம்பும்போது கொஞ்சம் மந்தம், கடைசி நூறு மீட்டரில் பறக்கும். பலமான இஞ்சினுக்கு அதுதான் பொருத்தம்.

விக்டரின் இஞ்சின் பலமானது. வருடத்துக்கு வருடம் அதற்குப் பலம் ஏற்றிக்கொண்டே போனான். எட்மண்டும் தாழ்வான மேஜையில் டிஃபைப் பிரித்துப் பூட்டி, மூன்று புள்ளி ஒன்பது போட்டிருப்பதாக எல்லாரிடமும் சொன்னார். ஆனாலும் விக்டர் 11.52 போனான். 11.49 போனான். அடுத்த வருடம் 11.61. அண்ணன் எண்ணைத் தாண்டவே முடியவில்லை.

"ஏண்டா, கால் செத்தவன் நானு. நீ எதுக்குடா செத்த மாதிரி ஓட்டுற?" என்பார் எட்மண்ட், ஆட்கள் சுற்றி நிற்கும்போது. விக்டர் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வான்.

போன வருடம் ஒரு பந்தயம் முடிந்து பட்டறையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எலெய்ன் மீ கோரேங் நூடுல்ஸ் தட்டைக் கொண்டு வந்தபோது எட்மண்ட் சொன்னார்: "இவனுக்கு எதுவுமே கடைசி வரைக்கும் போகாதுலா. வண்டியும் போகாது. கல்யாணமாகி ஏழு வருஷம், பொண்டாட்டி வயிறும் காலி." நாலைந்து பேர் சிரித்தார்கள். விக்டர் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். எலெய்ன் தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் விக்டரின் பந்தய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போனில் பார்த்தாள். எல்லாவற்றிலும் கோட்டுக்கு வெகு முன்பே டேஷ்போர்டில் இஞ்சின் வேகம் காட்டும் முள் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது. கார் கத்தியதே தவிர வேகம் ஏறவில்லை.

"உள்ள என்ன கியர் போட்டிருக்கு?" என்று விக்டரிடம் கேட்டாள்.

"மூணு புள்ளி ஒம்பது."

"யாரு எண்ணிப் பாத்தா?"

"அண்ணன்."

"நீங்க பாத்தீங்களா?"

"அண்ணன் போட்டத நான் எதுக்கு எண்ணணும்?"

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வேன் வந்து எட்மண்டைப் பூசைக்கு ஏற்றிப் போனதும், எலெய்ன் விக்டரைப் பட்டறைக்குக் கூட்டிப் போனாள். காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். அவள் அடியில் படுத்து, டிஃபுக்குள் போகும் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டாள். சக்கரத்திலும் ஒரு கோடு.

"சக்கரத்த முழுசா ஒரே ஒரு சுத்து சுத்துங்க. மூணு புள்ளி ஒம்பதுன்னா ஷாஃப்ட் நாலாவது சுத்த முடிக்காது."

விக்டர் மெதுவாகச் சுற்றினான். ஷாஃப்ட் நாலு சுற்று முடித்து, அதையும் தாண்டிப் போய் நின்றது.

"தப்பா எண்ணியிருப்ப" என்றான். மறுபடி சுற்றினான். மூன்றாவது முறையும் சுற்றினான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒருவேளை அண்ணன்கிட்ட இந்த செட்டு மட்டுந்தான் இருந்திருக்கும்" என்றான்.

மறுநாள் காலை அண்ணனைக் குளியலறை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, விக்டர் மெத்தை விரிப்பை மாற்ற வந்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. ஒன்பது வருடமாக அதை நகர்த்திப் பெருக்கியிருக்கிறான், திறந்து பார்த்ததில்லை. இப்போது திறந்தான். ஆலைச் சீருடைச் சட்டை ஒன்றில் சுற்றி, துரு ஏறாமல் கிரீஸ் தடவி, ஒரு பல்சக்கர ஜோடி. பினியனின் பற்களை விரலால் தடவி எண்ணினான். பதினொன்று. 11.38 ஓடியபோது காரில் இருந்த அதே ஜோடி.

குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. "தண்ணி ஆறிப்போச்சுடா! எங்க போய்த் தொலைஞ்ச?"

"வந்துட்டேண்ணே."

விக்டர் போய் அண்ணனுக்கு முதுகு தேய்த்துவிட்டான். வழக்கத்தைவிட மெதுவாக, நன்றாகத் தேய்த்துவிட்டான்.

காருக்குச் சாயம் அடிக்கக் கொடுத்திருப்பதாக எட்மண்டிடம் சொன்னான். உண்மையில் அது தம்பினில் யோகேந்திரன் என்ற மெக்கானிக்கிடம் போனது. பதினொரு பல் பினியன் உள்ளே ஏறியது.

அடுத்த பந்தயத்துக்கு விக்டர் அண்ணனையும் அழைத்துப் போனான். தடத்தின் கடைசியில், கோட்டுக்குப் பக்கத்து வேலியோரம், நாற்காலியை நிறுத்திப் பிரேக்கைப் போட்டான். குடை பிடிக்க எலெய்னை நிற்க வைத்தான்.

கார் கிளம்பியது. எட்மண்ட் கண்ணை மூடிக் காதால்தான் பார்ப்பார். கடைசி நூறு மீட்டரில் வழக்கமாக வரும் கத்தல் வரவில்லை. இஞ்சின் இன்னும் இன்னும் இழுத்துக்கொண்டே போனது. நேரப் பலகையில் எண் எரியும் முன்பே அவர் முகம் வெளுத்துவிட்டதை எலெய்ன் பார்த்தாள். அந்த ஒரு கணம் அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது.

11.12.

பரிசு கொடுக்கும்போது விக்டர் மைக்கை வாங்கினான். அண்ணனின் நாற்காலியை எல்லாருக்கும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இந்த டிஃப் எங்க அண்ணன் கொடுத்தது. பதினொரு பல்லு. எனக்காகத் துணியில சுத்தி, கிரீஸ் தடவி, ஒம்பது வருஷமா கட்டிலுக்கு அடியில பத்திரமா வச்சிருந்தாரு. இந்தக் கப்பு அவருக்குத்தான்."

ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒவ்வொருவராக வந்து எட்மண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு எட்மண்ட் எல்லாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் விக்டர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பணிவிடையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும், நாலு பேர் இருக்கும்போது பார்த்து, அண்ணன் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்பான்: "என்ன கியர் போடலாம்ணே?" எட்மண்ட் வாய் திறக்கும் வரை எழுந்திருக்க மாட்டான். அவர் எதையாவது சொன்னால், "சரிண்ணே" என்பான். போய் வேறொன்றைப் போடுவான். ஜெயித்து வந்து, அண்ணன் சொன்னபடிதான் செய்தேன் என்பான்.

"போதும்ங்க" என்றாள் எலெய்ன் ஒருநாள். "அவரு பேசுனதுக்கு ஒரு தடவ மன்னிப்புக் கேட்டா போதும்னுதான் நான் நெனச்சேன்."

"நான் என்ன செஞ்சேன்? மரியாதயாத்தானே நடந்துக்கிறேன்" என்றான் அவன்.

எட்மண்ட் பங்குச் சாமியாரிடம் ரகசியமாகக் கேட்டார். சிரம்பானில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் தன்னைச் சேர்த்துவிடும்படி சொன்னார். சாமியார் வீடு தேடி வந்து விக்டரிடம் பேசினார்.

"அண்ணன எப்படி ஃபாதர் அனுப்புவேன்?" என்றான் விக்டர். அவன் குரல் உடைந்தது. "அவரு இல்லாம எனக்குக் கியரு யாரு சொல்லுவா?"

சாமியாருக்கு மனம் இளகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சகோதர பாசத்துக்கு இவர்கள் இருவரையுமே உதாரணமாகச் சொன்னார். எட்மண்ட் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இல்லத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

எலெய்ன் இப்போது சுங்கை காடுட்டில் ஃபேக்டரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். முதலில் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். இந்த வருடம் வரவில்லை.