குலைந்த வாக்கியங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில், மோர்டன் பகுதியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் துப்புரவு வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவள் நான். ஆங்கிலம் வாசித்தால் விளங்கும். வாயைத் திறந்தால் மட்டும் வினைச்சொல் தமிழில் நிற்பதுபோலக் கடைசியில் போய் நிற்கும். 'ஐ த ஃப்ளோர் கிளீன்' என்பேன்.

செவ்வாய்ப் பின்னேரங்களில் பக்கத்து டூட்டிங்கில் ஆங்கில வகுப்பு. யார், என்ன செய்கிறார், எதை, எங்கே என்ற வரிசையை ஒருவாறு பிடித்துக்கொண்டேன். பிறகு வந்தவைதான் என்னை அழவைத்தன. 'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும். இரண்டும் சேர்ந்தால் தள்ளிப்போடுவது என்று யார் கண்டது? கைவிடுவதைச் சொல்லும் 'கிவ் அப்' என்பதில் கொடுப்பதும் இல்லை, மேலே போவதும் இல்லை. கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றில் ஒரு சொல்லாக எழுதி, ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்த இல்லத்தில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்தது. சொற்கள் வரும், ஒழுங்காக வராது. 'விண்டோ... மீ... ஓப்பன்' என்பார். அவருக்குப் புத்தியும் போய்விட்டதென்று நினைத்து, எல்லோரும் குழந்தையோடு பேசுவதுபோலப் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய வாக்கியங்கள் என்னுடையவைபோலவே இருந்தன.

ஒருநாள் அவருடைய மேசையை நான் துடைக்கும்போது என் பையிலிருந்த அட்டைகள் கொட்டிவிட்டன. அவர் இடது கையால் மூன்றைப் பொறுக்கி என் முன்னால் அடுக்கினார்: யூ, சிட், டவுன். நான் உட்கார்ந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் என் தேநீர் இடைவேளை அவரோடுதான். நீண்ட வாக்கியத்தில் அவர் தடுமாறுவார்; வரிசையை நான் சொல்வேன். ஆனால் என்னை அழவைத்த ஜோடிச் சொற்கள் அவர் வாயில் முழுசாக வரும். 'ஹேங் ஆன்', 'கெட் ஆஃப்', 'ஹரி அப்': பிடித்துக்கொள், இறங்கு, கெதியாக வா என்று பஸ்ஸில் தினமும் சொல்லிப் பழகியவை. கையால் நடித்தும் காட்டுவார். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை.

"அவருக்குத் துலைஞ்சு போச்சு, உமக்கு இன்னும் கிடைக்கேல்லை. ரெண்டு பேருமாத் தேடுங்கோ," என்றார்.

சனிக்கிழமைகளில் அந்த வெள்ளைக்காரரின் மனைவி வருவார். கணவருக்கு ஒன்றும் விளங்காது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் அமர்ந்து கம்பளி பின்னிவிட்டுப் போவார். ஒரு வாக்கியத்துக்காக அவர் கணவரும் நானும் மூன்று கிழமை பாடுபட்டோம். என்ன சொல்ல வேண்டுமென்பதை அவர்தான் தெரிந்தெடுத்தார். அந்தச் சனிக்கிழமை மனைவியின் முன்னால் அட்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் விரலை வைத்து மெல்லச் சொன்னார்: "ஐ வான்ட் டு கோ ஹோம்."

அந்தப் பெண் பின்னல் கம்பிகளை மடியில் வைத்துவிட்டு அவர் விரலைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, இதை யார் பழக்கியது என்று கேட்டார்.

"ஹி வேர்க்ட் இட் அவுட்," என்றேன். அவரே யோசித்துக் கண்டுபிடித்தார் என்று. அந்த 'இட்' இரண்டு சொல்லுக்கும் நடுவில் போகவேண்டும் என்பதில் வகுப்பில் எத்தனை முறை பிழைவிட்டிருப்பேன். அன்று யோசிக்காமலே வந்தது.

அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக மனைவி நகரக் கவுன்சிலோடு இரண்டு மாதம் அலைந்தார். கணவர் புறப்படும் நாளில் அட்டைகள் முழுவதையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். அடுத்த வகுப்புக்கு வேறு பெட்டி வெட்டவேண்டி வந்தது. பிறகு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன்; கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவுக்கு வீடு மாறினோம். நான் இல்லத்து வேலையை விடுவதற்கு முன் ஒருநாள் அவருடைய மனைவி அங்கே தொலைபேசியில் பேசினாராம். கணவர் இப்போது டிவியில் செய்தி வாசிப்பவரோடு நாள்முழுக்கச் சண்டை பிடிக்கிறார் என்று எனக்குச் சொல்லச் சொன்னாராம். நான் தரை துடைக்கும் தடியைப் பிடித்தபடி இல்லத்தின் நடைவழியில் தனியாக நின்று சிரித்தேன். அந்த ஈரத்தரையின் மணம்கூட இன்னும் நினைவிருக்கிறது.