கேட்காத சத்தத்தைக் கேட்ட மெக்கானிக்

அந்தத் தெருவில் ஏழு மெக்கானிக் பட்டறைகள். ஆறுக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஏழாவதுக்குப் பலகையும் இல்லை, அதற்கு அவசியமும் இல்லை. தெருமுனையில் நின்று “காது இருக்காரா?” என்று கேட்டால் போதும், யாராவது கை காட்டிவிடுவார்கள்.

காது என்பது பட்டறைக்காரரின் பட்டப்பெயர். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தொரு வருடமாக எஞ்சின் கோளாறுகளைச் சத்தத்தை வைத்தே சொல்லி வருகிறவர். வண்டியை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கி, கண்ணை மூடிக்கொள்வார். வண்டிக்காரர் வாயெடுத்தால் கையை உயர்த்துவார்.

“நீங்க பேசாதீங்க. வண்டி பேசட்டும்.”

சொந்த வண்டியைப் பற்றித் தமக்கு ஒன்றுமே தெரியாது என்கிற ஞானம் பலருக்கு அந்த இடத்தில்தான் பிறந்தது.

நான்கு வருடங்களுக்கு முன்னால் அந்தக் காது அடைக்க ஆரம்பித்தது. முதலில் இடது, அதற்குத் துணையாக வலது. கண்டுபிடித்தவர் மனைவி. “பக்கத்து வீட்டுல அவங்க டிவிய வித்துட்டாங்களாம். நம்ம வீட்டு டிவியே போதுமாம்” என்றார். கணவர் பதில் சொல்லவில்லை. அவருக்கு அது கேட்கவில்லை.

நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஒருநாள் இரண்டு கையிலும் வேலை இருந்ததால் கைப்பிடியைப் பல்லால் கவ்வினார். தலைக்குள்ளே மொத்த எஞ்சினும் ஓடியது. காது கைவிட்டதைத் தாடை எலும்பு எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கடிக்க ஆரம்பித்தார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

யாரும் கேட்கவும் இல்லை. இவ்வளவு பெரிய ஆள் கடிக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று தெரு முடிவு செய்தது. ஆறு மாதத்துக்குள் மற்ற ஆறு பட்டறைகளில் நான்கில் ஸ்குரூடிரைவரைக் கடித்தார்கள். அவர்களுக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனால் கடிக்காத மெக்கானிக்கிடம் வண்டியை விட வாடிக்கையாளர்கள் யோசித்தார்கள்.

இப்படி ஒரு குறையுமில்லாமல் போய்க்கொண்டிருந்த தொழிலில், ஒரு திங்கட்கிழமை அவருக்குக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. கன்னம் வீங்கிவிட்டது. ஸ்குரூடிரைவரைக் கவ்வ முடியாது, இட்ட சோற்றை மெல்லவே முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சலவைக்காரம்மா வேனோடு வந்து நின்றார்.

வேனுக்கு வயது இருபத்துமூன்று. எட்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் தினமும் அதில்தான் ஏற்றி இறக்குவார். மூன்று வாரமாக உள்ளே ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம், யாரையோ உள்ளே வைத்துப் பூட்டிவிட்ட மாதிரி. கூடவே வந்திருந்த கொழுந்தன், செல்போனில் இது போன்ற சத்தங்களின் வீடியோக்களை ராத்திரி பகலாகப் பார்த்து ஆராய்ச்சியை முடித்திருந்தார்.

“எஞ்சினுக்குள்ள இருக்கிற ராடு போச்சு அண்ணி. எஞ்சினைப் பிரிச்சுத்தான் ஆகணும். ரெண்டு வாரம்.”

“ரெண்டு வாரம் விரிப்பையெல்லாம் உன் தலைல ஏத்தி அனுப்பட்டுமா? அவரு சொல்லட்டும்.”

பட்டறையில் ஏற்கெனவே நான்கு பேர் காத்திருந்தார்கள். சலவைக்காரம்மா ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே ஆரம்பித்தார். “அண்ணே, ஒரு விஷயம். நான் கிளட்ச்சை...”

கை உயர்ந்தது. “நீ பேசாதம்மா.”

எஞ்சின் ஓடியது. அவர் ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் குனிந்தார். கண்ணை மூடினார். பஞ்சு மூட்டைக்குள் தலையைவிட்ட மாதிரி இருந்தது. நான்கு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் பக்கத்தில் வந்து, வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்து, “ராடுதானே?” என்று கத்தினார். அது மட்டும் கேட்டது.

“ம். ராடுதான்.”

சலவைக்காரம்மா இருக்கையில் சற்று முன்னால் நகர்ந்து, காலை ஒரு முறை அழுத்தினார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இப்ப?” என்று உரக்கக் கேட்டார்.

“இப்ப இன்னும் நல்லாவே கேக்குது.”

சலவைக்காரம்மா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நான்கு பேர் எதிரில் ஒரு மனுஷனை அவமானப்படுத்தக் கூடாது என்று பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“என்னம்மா?” என்றார் காது.

இன்னொரு முறை தாழ்ந்த குரலில் சொன்னார்.

“என்ன?”

மூன்றாவது முறை தெருவுக்கே கேட்டது. “கிளட்ச்சை மிதிச்சா அந்தச் சத்தம் நின்னுடும்ண்ணே. அதத்தான் சொல்ல வந்தேன். இப்ப மிதிச்சுட்டுத்தான் இருந்தேன், டொக்குன்னு ஒரு சத்தம் இல்ல. உங்களுக்கு எது கேட்டுச்சு?”

நான்கு பேரும் காதைத் திரும்பிப் பார்த்தார்கள். ராடுதான் என்று அவர் அழுத்திச் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். முப்பத்தொரு வருடப் பெயர் ஒரு சலவைக்காரம்மாவின் வார்த்தையைவிடக் கனமானது. எஞ்சின் இறங்கியிருக்கும், ரெண்டு வாரம் போயிருக்கும், கொழுந்தன் மீசையை முறுக்கியிருப்பார். காது அழுக்குத் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். பத்து விரலும் முடிந்து, துடைக்க வேறு ஒன்றும் இல்லாமல் போனது.

“எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா” என்றார். “நாலு வருஷமாவே சரியாக் கேக்கல. நீ இந்தப் பக்கமா வந்து சத்தமாச் சொல்லு. எப்பல்லாம் வருது?”

சலவைக்காரம்மா சொன்னார். மூன்று வாரமாக அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவர். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது வரும், வேகம் எடுத்தால் அமுங்கும், கிளட்ச்சில் கால் வைத்தால் அடங்கும், எடுத்தால் திரும்ப ஆரம்பிக்கும். ராடு போயிருந்தால் கிளட்ச்சைப் பார்த்து அது பயப்படாது. போன வருடம் கிளட்ச் மாற்றினார்களா என்று காது விசாரித்தார். மாற்றினார்கள், வேறொரு ஊர்ப் பட்டறையில்.

எஞ்சினைத் தொடவே இல்லை. கியர் பாக்ஸை மட்டும் இறக்கினார்கள். அதன் பின்னால், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரத்தைப் பிடித்திருந்த ஆறு போல்ட்டுகளில் நான்கு வெறும் விரலுக்கே சுழன்றன. புதிய போல்ட்டுகள் போட்டு முறையாக முறுக்கி, சாயங்காலத்துக்குள் வேன் கிளம்பத் தயாரானது.

“நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதான்” என்றார் கொழுந்தன்.

“நீ ராடுன்னே.”

“பக்கத்துலதானே அண்ணி இருக்கு.”

“பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பல்வலின்னா உனக்குப் பிடுங்கலாமா? ஏறுடா.”

வேன் சத்தமில்லாமல் போனது. போனது சத்தமில்லாமல்தான் என்று மற்றவர்கள் சொல்லிக் காது தெரிந்துகொண்டார். காத்திருந்த நான்கு பேரும் இனி வேறு பட்டறை பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்து, கருவிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“காதே இல்லாம கண்டுபிடிச்சாரு பாத்தீங்களா” என்றார் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர்.

“அந்தம்மாவைச் சோதிச்சுப் பாத்திருக்காரு” என்றார் இன்னொருவர். “வண்டியக் கவனிச்சு ஓட்டுறாங்களான்னு.”

காது அவர்கள் எதிரில் போய் நின்றார். “ஐயா, எனக்கு நெசமாவே காது கேக்காது.”

“ஆமா, ஆமா” என்று வங்கிக்காரர் சிரித்தார். இதற்கெல்லாம் ஏமாறுகிற ஆள் அவர் இல்லை. “அடுத்தது என் கார்.”

காது ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “சரி. என்ன சத்தம், எங்கேருந்து வருது, எப்ப வருது? சொல்லுங்க.”

வங்கிக்காரர் முகம் மாறியது. பதினேழு வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறவர், அவரிடம் அதைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. “அது... ஏதோ ஒரு சத்தம். நீங்க கேட்டுச் சொல்லுவீங்கன்னு நான் கவனிக்கல.”

“அப்ப போய் ஓட்டிக் கேட்டுட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

வங்கிக்காரர் கார் கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி, தெருவில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மூன்றாவது சுற்று வந்தபோது பட்டறை வாசலில் நிறுத்தி, “இடது பக்கம் திரும்புறப்ப மட்டும்” என்று கத்தினார். காது தலையாட்டிவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார்.