ஏலக்காய்க் கூடத்தில் கண் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

போடியில் ஏலக்காய் பொறுக்கும் கூடம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். மலையிலிருந்து காய்ந்து வரும் காயைச் சுளகில் கொட்டி, வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது என்று பிரித்துப் போட வேண்டும். பதினாலு பெண்கள் இருக்கிறோம். நான் எப்போதும் வாசலை ஒட்டித்தான் உட்காருவேன். காற்று வரும் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்கு வெளிச்சம் தேவைப்பட்டது. நாலு வருடமாகக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. பூச்சி போட்ட துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும். அதைக் கண்ணால் தேடுவதை விட்டுவிட்டு, விரலில் காய் லேசாக இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கினேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. எங்களோடு இருந்த ஒரு அக்காவுக்குப் பார்வை சரியில்லை என்று தெரிந்த அன்றே சூப்பர்வைசர், "வீட்டுல இருந்து பேத்தியப் பாத்துக்க ஆத்தா" என்று அனுப்பிவிட்டார். அந்த அக்கா போகும்போது தன் சுளகைத் துடைத்துவிட்டுப் போனாள்.

கூடத்தை ஒட்டியே முதலாளியின் வீடு. அதன் மாடியில் மும்பையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. ஏலப் பூவுக்குத் தேனீ எப்படி வந்து போகிறது என்று ஆராய்கிற வேலை அந்தத் தகப்பனாருக்கு. வாரத்தில் பாதி நாள் ஜீப்பில் குரங்கணிக்கு ஏறிப் போய்விடுவார். அவர்கள் யூதர்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இரண்டு விளக்கு ஏற்றுவார்கள். மறுநாள் முழுக்க அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். "வெள்ளிக்கிழமை விளக்கு நம்ம வீட்டுலயுந்தான். அடுப்புக்கு லீவு குடுக்கத்தான் நமக்குத் தெரியல" என்று எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் சொல்வாள். வாய் ஓயாதவள்.

அவர்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் இங்கே பள்ளிக்கூடம் போனதில் எங்கள் பேச்சையே பேசுவாள். மே மாத லீவில் ஒருநாள் கூடத்துக்கு இறங்கி வந்து, இரண்டு மாதத்தில் தனக்கு மும்பையில் ஒரு விசேஷம் என்றாள்.

"சடங்கா?" என்று பக்கத்துக்காரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தாய்மாமன் சீரு என்ன கொண்டாருவாரு?"

"அது இல்லக்கா!" பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. அவர்கள் வழக்கத்தில் பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டிலும் ஆண் பிள்ளைக்குப் பதிமூன்றிலும் அது நடக்குமாம். வேதம் படிக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு அவர்கள் செய்கிற நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர்களேதான் பொறுப்பாம். அதற்கு முன்னால், இருக்கிற ஊருக்கு உபயோகமாக ஏதாவது ஒன்று செய்து முடிக்க வேண்டும். பாடம் சொல்லித் தரும் மும்பை டீச்சர் வாரா வாரம் போனில் அதைத்தான் கேட்கிறாராம்.

"உங்க பிள்ளைகளுக்கு நான் இங்கிலீஷ் சொல்லித் தரட்டா?" என்றாள்.

"என் மகன் கோயம்புத்தூர்ல இஞ்சினியரு. அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிக் குடு ஆத்தா. தமிழ்ல கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறான்" என்றாள் பக்கத்துக்காரி. கூடமே சிரித்தது. பிள்ளையும் சிரித்தாள். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். கேலி பேசாத ஆள் நான்தான் என்பதாலோ என்னவோ, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அதன் பிறகு தினமும் வந்தாள். சும்மா இருக்க முடியாமல் என் சுளகில் அவளும் பொறுக்கினாள். நான் நல்ல காய் என்று ஒதுக்கியதிலிருந்து பூச்சிக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நான் சுளகை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நாலாம் நாள் ஒரு காயை என் மூக்குக்கு நேராக நீட்டி, "அக்கா, இந்த ஓட்டை உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டாள். மறைத்துப் பேச அவளுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் பின்னால்தான் நின்றிருந்தார்.

அவர் என் சுளகிலிருந்து ஒரு பிடி அள்ளி வாசல் வெளிச்சத்தில் பார்த்தார். கோபப்படவில்லை. "நாளையில இருந்து நீ புடைக்கிற பக்கம் போயிரும்மா" என்று மட்டும் சொன்னார். கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தூசியும் காம்பும் புடைத்துத் தள்ளுகிற சோலி அது. அதற்கடுத்து வீடுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று நாள் நான் அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கொட்டகைக்கு வந்து, தூசியிலேயே நின்றாள்.

"டீச்சர்கிட்டச் சொன்னேன் அக்கா. உதவி வாங்குறவங்களுக்கு வெக்கம் வர்ற மாதிரி செஞ்சா, அது உதவியே இல்லைன்னு திட்டிட்டாங்க. அத்தனை பேர் முன்னால கேட்டது தப்பு."

"தூசி போகுது, மூக்க மூடிக்க" என்றேன்.

அடுத்த வாரம் அவளும் அவள் அம்மாவும் கண் ஆஸ்பத்திரியில் பேசி, ஞாயிற்றுக்கிழமை ஒரு நர்ஸை வரவழைத்தார்கள். ஒருத்தரை மட்டும் காட்டிக்கொடுக்காமல், கூடத்தில் எல்லோருக்கும் கண் பார்ப்பது என்று ஏற்பாடு. விசேஷத்துக்குப் பரிசு கொடுக்க இருந்த சொந்தக்காரர்களிடம், அதற்குப் பதிலாகக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்று பிள்ளை கேட்டிருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு, மேசையில் கண்ணாடிகளைப் பரப்பி வைத்தார்கள்.

ஒருத்தரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? பார்வை குறைவு என்று எழுத்தில் ஆகிவிட்டால் அடுத்தது தகரக் கொட்டகை. அதைக் கண்ணெதிரே பார்த்தாயிற்று. பக்கத்துக்காரியும் இன்னும் சிலரும் தெருமுனையில் காய்கறி வாங்குகிற மாதிரி நின்றார்கள். நான் கடைக்குப் போகும் வழியில் பார்த்தேன். பதினோரு மணி வெயில். பிள்ளை மேசைக்குப் பின்னால் நேராக உட்கார்ந்திருந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

நாலு பேர் பார்க்க ஒரு நாற்காலியில் உட்காருவது எனக்கு எப்போதும் கஷ்டம். என் கல்யாணத்திலேயே தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் இனி நான் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. போய் உட்கார்ந்துவிட்டேன்.

நர்ஸ் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். மேலே இருந்த இரண்டு வரி வாசித்தேன். மூன்றாவது வரி எறும்பாக ஓடியது. கண்ணாடியை மாற்றி மாற்றி மாட்டினார். ஒன்றில் அட்டையின் கடைசி வரி வரை வந்துவிட்டது. சத்தமாக வாசித்தேன். தெருமுனைக்குக் கேட்கும்படி வாசித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

"ஏய், இவ வாயத் தொறந்து இன்னைக்குத்தாண்டி கேக்குறேன்" என்று பக்கத்துக்காரி ஓடி வந்தாள். அவளுக்கு என்னைவிடக் கூடுதல் பவர். "நர்சம்மா, நல்லாப் பாருங்க, எனக்கு அவ்வளவு வயசு ஆகல" என்று சண்டை போட்டாள். வீட்டில் இருந்தவர்களுக்கும் ஆள் அனுப்பி, சாயங்காலத்துக்குள் பதினாலு பேரும் பார்த்துவிட்டோம். ஒன்பது பேருக்குக் கண்ணாடி. ஒன்பது பேரையும் கொட்டகைக்கு அனுப்பினால் கூடத்தில் யார் பொறுக்குவது? மறுநாள் சூப்பர்வைசர் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

என்னை மட்டும் திரும்பக் கூப்பிடவும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு தூசி புடைத்தேன். பிள்ளை மும்பைக்குப் போய் விசேஷத்தை முடித்துக்கொண்டு வந்தாள். மும்பையில் செய்த தேங்காய்ப்பால் இனிப்பு ஒரு டப்பாவோடு நேராகக் கொட்டகைக்கு வந்து, "இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்றாள். "நான் போய்ப் பேசுறேன் அக்கா."

"நீ பேசாத ஆத்தா" என்றேன். "நானே கேக்குறேன்."

சொல்லிவிட்டேனே ஒழிய, போகக் கால் வரவில்லை. டீ வேளை வரைக்கும் தள்ளினேன். பிறகு போய், "அண்ணே, என்னச் சோதிச்சுப் பாருங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

அவர் நல்ல காய் கால் கிலோ அளவு சுளகில் கொட்டினார். திரும்பி நின்று, பூச்சிக் காய் பத்தை எண்ணி உள்ளே கலந்தார். "வெரசா எடு, பாப்போம்."

எல்லோரும் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு காயின் மேலும் கோடு கோடாக நரம்பு தெரிந்தது. துளை வந்ததும் எடுத்து வைத்தேன். முடித்துச் சுளகைத் தள்ளினேன்.

அவர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "நான் பத்துதான போட்டேன்?"

"பதினொன்னு இருக்குண்ணே" என்றேன்.

பதினோராவதை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அது அவர் நல்ல காய் என்று கொட்டியதிலேயே இருந்தது. "எடத்துல போய் உக்காரு" என்றார்.

பக்கத்துக்காரி தன் சுளகை ஒரு சாண் நகர்த்திக்கொண்டாள். "உக்காரு, உக்காரு. இவ்வளவு நாளு யாருகூடப் பேசுறதுன்னு தெரியாம வாயே வலிச்சுப் போச்சு" என்றாள். வாசலில் நின்ற பிள்ளை டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். நான் என் துண்டைத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பொறுக்க ஆரம்பித்தேன்.