கலண்டரில் இல்லாத நாள்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்த யூதப் பெண் மிரியம், தங்கள் பெரிய நோன்பு நாளுக்கு லீவு கேட்டு நின்றாள். அதிபர் கதிரையில் இருந்தபடியே சொன்னேன்: "கலண்டரில இல்லையே."

சொன்ன வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

ஜெயபுரத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த காலம். மலையகத்திலிருந்து வந்த எங்கள் சனம் விரதமிருந்து காமன் கூத்து ஆடிய மறுநாள், மணிக்கட்டில் காப்புக் கயிறு மஞ்சள் மணக்க வகுப்புக்குப் போனேன்.

"நேற்று ஏன் வரேல்லை?"

"காமன் கூத்து, சேர்."

"அது கலண்டரில இல்லையே" என்று வாத்தியார் கத்தரிக்கோலை எடுத்தார். அறுந்த காப்பைக் குப்பைக் கூடைக்குள் எறிந்தார். வகுப்பே சிரித்தது. "ஓம் சேர்" என்று போய் என் இடத்தில் இருந்தேன்.

"சரி சேர், வாறன்" என்று மிரியம் திரும்பினாள்.

"நில்லுங்கோ!" என்று கத்தினேன். "நோன்பு நாளண்டைக்கு நீங்கள் இந்தப் பக்கமே வரப்படாது!"