தோற்பதற்குப் போட்டி போட்ட இரண்டு கல்லூரிகள்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் இரண்டு கல்லூரிகள் இருந்தன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றில் நான் படித்தேன். ஜப்பானிய மொழி ஆசிரியர்களைத் தயாரிக்கும் பள்ளி அது. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் ஆசிரியர் என்று காகிதம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மற்றது தொழிற்பயிற்சிப் பள்ளி. அங்கே ஒரு பழைய லாரியைத் தினமும் கழற்றித் தினமும் பூட்டினார்கள். அது ஒருநாளும் ஓடியதில்லை.

இந்த இரண்டுக்கும் கல்லூரி என்று பெயர் சூட்டியவர் விளையாட்டுக் குழுத் தலைவர். சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். துரைமார்கள் டென்னிஸ் ஆடி முடிக்கும்வரை துண்டோடு நிற்பார். வெள்ளைக்காரன் ஓடிய மறுவாரமே, இடுப்பை எத்தனை தூரம் வளைத்தால் ஜப்பான்காரனுக்குப் பிடிக்கும் என்று கற்றுக்கொண்டுவிட்டார். ஊரில் வேறு யாருக்கும் அந்த வேகம் வரவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. புக்கிட் ரம்பாயில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு, காஜா பெராங்கில் ஓர் அறையில் தங்கி அந்தப் பள்ளிக்குப் போனது மாணவர்களுக்கு அரிசி தருகிறார்கள் என்பதற்காகத்தான். சுண்ணாம்பு கலந்த அரிசி. ஏழு தண்ணீர் கழுவினாலும் வாசம் போகாது. ஆனாலும் அரிசி. ஊர் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த ஆண்டுக் கால்பந்துப் பந்தயங்கள் முடிந்தபோது எங்கள் இரண்டு குழுக்கள்தான் மிஞ்சியிருந்தன. மற்ற குழுக்களில் ஓடுவதற்குத் தெம்புள்ள பதினொரு பேர் தேறவில்லை. உடனே தலைவர், சக்கரவர்த்தியின் பிறந்தநாளன்று இறுதிப் போட்டி என்று அறிவித்தார். ஜெயிக்கும் குழுவுக்கு ஒரு மூட்டை அரிசி.

அன்று மத்தியானமே எங்களைப் பாடாங்கில், அந்தப் பெரிய திடலில், வரிசையாக நிறுத்திவிட்டார்கள். சக்கரவர்த்தி இருக்கும் வடகிழக்கே திரும்பி வணக்கம். பிறகு பேச்சு. ராணுவ அதிகாரி பேசினார், அதை ஒருவர் மலாயில் சொன்னார், அதையே தலைவர் தமிழில் இரண்டு மடங்காக நீட்டினார். ஆசியாவின் எதிர்காலம் எங்கள் கால்களில் இருக்கிறதாம். என் கால்களில் சிரங்குதான் இருந்தது.

பேச்சு முடிந்ததும் தலைவர் எங்கள் பக்கம் வந்தார். கழுத்தில் டை, முகத்தில் வியர்வை.

"தம்பிங்களா, இன்னிக்கு அவங்க ஜெயிக்கணும். அந்தப் பள்ளிக்கூடம் அதிகாரியோட சொந்தப் பொறுப்புல இருக்கு. புரியுதா?"

"அப்ப அரிசி, ஐயா?" என்று கேட்டேன். எனக்கு வந்த கேள்வி அது ஒன்றுதான்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் லா. ஆடுற மாதிரி ஆடுங்க, போதும்."

எல்லோரும் தலையாட்டினோம். ஆட்டாதவன் எங்கள் கோல்கீப்பர் மட்டும். அவன் காஜா பெராங்கில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். செட்டிகள் என்று ஊரில் சொல்வார்கள். பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர் வம்சம். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், வீட்டில் பேசுவது மலாய். நடந்ததை நான் மலாயில் சொன்னதும் அவன் தரையில் துப்பினான்.

"குவா ஜாகா கோல் ஆஜே," என்றான். நான் கோல் காப்பேன், அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கியது. நான் பின்வரிசையில் ஆடினேன். எதிர்க்குழுவின் வலதுபக்க ஆட்டக்காரன் என் பழைய வகுப்புத் தோழன், பெண்டஹாரா சாலைத் துணிக்கடைக்காரர் மகன். பந்தோடு என்னை நோக்கி வந்தான். வழிவிட்டு ஒதுங்கினேன். அவன் போகவில்லை. பந்தை என் காலடியில் தள்ளிவிட்டு நின்றான்.

"டேய், எடுத்துக்கிட்டுப் போயேன்!" என்றான்.

"நீ போடா. ஒனக்குத்தான வழி விட்டேன்!"

"எங்கள தோக்கச் சொல்லிட்டாங்கடா. ஒங்க ஜப்பான்கார பெரிய வாத்தியாரும் அதிகாரியும் ஒரே ஊராம். எங்க பள்ளிக்கூட மொழிபெயர்ப்பாளரு சொன்னாரு."

"எங்களையும் தோக்கச் சொல்லியிருக்காங்க!"

இருவரும் பந்தைப் பார்த்தபடி நின்றோம். அதிகாரி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தலைவரும் அந்த மொழிபெயர்ப்பாளரும் தாங்களே அவர் மனதுக்குள் புகுந்து பார்த்து, ஆளுக்கொரு ஆசையைக் கண்டுபிடித்து வந்திருந்தார்கள். அந்தச் செய்தி திடல் முழுக்கப் பரவியது. ஆனால் யாருக்கும் ஜெயிக்கத் துணிவில்லை. கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு இரு தரப்பும் பந்தை வெளியே உதைத்தோம். கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு ஊளையிட்டது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இன்றுவரை நினைத்தால் கூசுகிறது. எங்கள் கோலிலேயே ஒரு பந்தை அடித்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும், தலைவரும் நம்மை மறக்கமாட்டார். திரும்பி நின்று, பலங்கொண்ட மட்டும் உதைத்தேன். அந்த வருடம் நான் அடித்த நல்ல அடி அதுதான். கோல்கீப்பர் பக்கவாட்டில் பாய்ந்து, ஒற்றைக் கையால் தட்டிவிட்டான். எழுந்து என்னைப் பார்த்தான். மறுபடியும் அடித்தேன். மறுபடியும் தடுத்தான். எதிரி ஒருவனும் அவனைச் சோதிக்கவில்லை. சொந்தக் குழுக்காரன் நான்தான் சோதித்தேன்.

அதிகாரி எழுந்து நேராகத் திடலுக்குள் வந்தார். முதலில், பின்னாலேயே ஓடிவந்த தலைவரின் கன்னத்தில் ஓர் அறை. டை தோள்மேல் போய் விழுந்தது. பிறகு இரு குழுக்களையும் எதிரெதிரே நிறுத்தினார். போராடும் குணம் இல்லாதவர்களுக்கு அதைக் கற்றுத்தர வேண்டுமாம். ஒருவரையொருவர் அறையச் சொன்னார்.

எனக்கு எதிரே துணிக்கடைக்காரர் மகன். பட்டும் படாமல் தட்டினேன். அதிகாரி என்னை விலக்கி, எப்படி அறைவது என்று என் கன்னத்திலேயே காட்டினார். கண்ணில் பூச்சி பறந்தது. அடுத்ததாக நான் என் தோழனை அறைந்தது நிஜமான அறை. அவன் திருப்பித் தந்தது அதைவிடப் பலம். நாலாவது அறையில் எங்கள் இருவருக்கும் உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. அன்று மனதார ஆடிய ஆட்டம் அது ஒன்றுதான்.

கோல்கீப்பர் மட்டும் கையைத் தொங்கவிட்டபடி நின்றான். எதிரே நின்ற சீனப் பையன் அழுதுகொண்டே அவனை அறைந்தான். இவன் கை தூக்கவில்லை. அதிகாரி வந்து மூன்று முறை காதோடு சேர்த்து அறைந்தார். மூன்றாவதில் விழுந்தான். நான் என் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரில் ஒருத்தனாவது மனுஷன் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. தூக்கிவிடப் போகவில்லை.

அரிசி மூட்டை யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள். அது தலைவர் வீட்டுக்குச் சைக்கிளில் போனதைத் துக்காங் எமாஸ் சாலையில் பலபேர் பார்த்தார்கள். கன்னம் வீங்கியதற்குக் கூலி போலிருக்கிறது.

நானும் கோல்கீப்பரும் ஒன்றாகத்தான் காஜா பெராங்குக்கு நடந்தோம். அவன் இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தக் காது பிறகு சரியாகக் கேட்கவேயில்லை. நான் வழியெல்லாம் அவனைப் புகழ்ந்தேன். ஒரு தமிழன், ஒரு ஜப்பான்காரனுக்கு முன்னால், அடிக்க மறுத்து நின்றானே என்று மேடைப் பேச்சுப் போல அளந்தேன். கொஞ்சநேரம் கேட்டவன் நின்று, தன் வலக்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

இரண்டு விரல்கள் வாழைப்பூ நிறத்தில் வீங்கி, ஒன்று கோணியிருந்தது. விரல்களை மடக்கக்கூட முடியவில்லை, அந்தக் கையால் யாரை அறைவது.

"லு பூஞா பாசால்," என்றான். உன்னால் வந்தது.

என் இரண்டாவது பந்தைத் தடுத்தபோது முறிந்ததாம். அதற்குப் பிறகு அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால் நடந்தேன்.