பூனை மருந்தும் கற்பூரமும்

சண்டைக் காலத்தில் சோதனைக்கு வந்த ஆமிக்காரர்கள் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டிலிருந்து என் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவனுடைய பூனை சாப்பாட்டைத் தொடவில்லை. கிட்டப் போனால் கடித்தது. ஹோமியோபதி டாக்டர் சின்னச் சீனி உருண்டைகள் தந்தார்.

“அம்மா, வீட்டில கற்பூரம் கொளுத்தாதேங்கோ. மருந்து முறிஞ்சுபோகும்.”

மகன் திரும்பி வரவேண்டுமென்று நான் தினமும் முருகனுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் வரும்போது பூனை உயிரோடு இருக்க வேண்டுமே என்று கற்பூரத்தை நிறுத்தினேன்.

“பூனைக்காகச் சாமியைப் பட்டினி போடுறியளோ?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“என்ர முருகனுக்கு என்னைத் தெரியும். நீர் உம்மட வேலையைப் பாரும்.”

கொஞ்ச நாளில் பூனை மீன் தின்றது. மடியிலும் ஏறிப் படுத்தது. மகன் வரவேயில்லை. பூனையைத் தடவும்போதெல்லாம், முருகன் ஆளை மாற்றிக் காப்பாற்றிவிட்டானோ என்று நினைப்பேன்.