அண்ணன் மோட்டார்

அண்ணனை எரித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த கொல்லையில் அவர் மோட்டார் ஓடத் தொடங்கியது.

உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரியப்பா மகன்தான் என்றாலும் கூடப்பிறந்தவர் போல. பேயுமில்லை, பிசாசுமில்லை என்று மனசுக்குத் தெரியும். எங்கள் ஊரில் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறோம். மும்முனைக் கரண்டு வந்தால் மோட்டார் தானே ஓடும், போனால் நிற்கும். கரண்டுக்குக் காசில்லை, அப்புறம் எந்த மடையன் அணைப்பான்? பயிர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தண்ணீர் பாயும். அண்ணன் அணைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் அது தினமும் ஓடியது. அவர் கொல்லையில் விதைப்பே இல்லை. ஆழ்குழாய்த் தண்ணீர் தரிசில் பெருகி, வரப்பை அறுத்துக்கொண்டு தைல மரக்காட்டுக்குள் போனது. இங்கே எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளிக்கயிறு போதாமல் ஒட்டுப் போட்டோம். குடிக்க அந்தக் கிணறு ஒன்றுதான். அது வற்றினால் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்க வேண்டும். "மொதல்ல அத அணைச்சிட்டு வாங்க" என்று என் மனைவி கத்தினாள்.

எரிச்சலோடுதான் போனேன். மோட்டார் கொட்டகையில் அவர் துண்டு ஆணியில் அப்படியே தொங்கியது. ஸ்விட்சில் கை வைக்கும்போது பின்னால் மதினி குரல்.

"அணைச்சுராதீங்க தம்பி. இந்தச் சத்தம் கேட்டா, அவுக கொல்லையில நிக்கிறாகன்னு இருக்கு. அந்த நேரத்துக்குத்தான் எனக்குச் சோறு எறங்குது."

திரும்பிவிட்டேன். துக்கத்தோடு வழக்காட முடியுமா?

அதன்பின் மதியம் கரண்டு வரும் நேரமானால் காது தானாக அந்தப் பக்கம் போகும். செத்தவர் போட்டுவிட்டுப் போன மோட்டாருக்காக, கண்காணாத ஊரில் எங்கோ நிலக்கரி எரிந்து புகைகிறது என்று நினைப்பேன். அந்தப் புகையும் நம் நாடு விடும் கரிப்புகைக் கணக்கில்தானே சேரும்? அப்போதெல்லாம் எனக்குக் கோபம் அண்ணன் மேல்தான்.

போன வாரம் ஒரு மதியம் கரண்டு வந்தது. அண்ணன் கொல்லை சத்தமில்லாமல் கிடந்தது. பதறிக்கொண்டு வெளியே வந்தேன். மதினி எங்கள் கிணற்றடியில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அணைச்சேன்" என்றார். "கொஞ்ச நாளாவே அதுல தண்ணி வரல தம்பி, காத்துத்தான் வந்துச்சு. இங்கிட்டு வந்து பாத்தா ஒங்க கெணறும் இப்புடிக் கெடக்கு. தெரியாமப் போச்சே." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். இனிமேலாவது கிணறு ஊறும் என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மதினிக்கும் கேட்டது. திடுக்கிட்டுத் தன் கொல்லைப் பக்கம் பார்த்தார், பிறகு எங்கள் கொல்லைப் பக்கம் திரும்பினார்.

ஓடிக்கொண்டிருந்தது என் மோட்டார். இத்தனை நாளும் அண்ணன் மோட்டாரின் சத்தம் அதை மறைத்திருக்கிறது.

"யாரு போட்டா?" என்றார் மதினி.

"யாரும் போடல."

என் கடலைக் கொல்லையில் முந்தின நாள் பாய்ந்த ஈரமே காயவில்லை. அதன் மேல்தான் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.